விளக்கா, பேராடா? அறக்கட்டளை மருத்துவமனையின் சிடி ஸ்கேன் கருவிக்கு நிதி திரட்டும் வழிகள்

பக்கவாதம் தாக்கிய ஒருவரைக் கைகால் விழுந்த நிலையில் அவசரப் பிரிவுக்குத் தூக்கி வரும்போது, மூளையின் இரத்தக்குழாய் அடைபட்டிருக்கிறதா அல்லது வெடித்துக் கசிகிறதா என்பதை எவ்வளவு அனுபவமுள்ள மருத்துவராலும் பார்வையால் மட்டும் உறுதி செய்ய முடியாது. அடைப்பு என்றால், உறைந்த இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை அறிகுறி தொடங்கிய நான்கரை மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும். கசிவு என்றால் அதே மருந்து உயிரைப் பறித்துவிடும். இரண்டையும் சில நிமிடங்களில் பிரித்துக் காட்டுவது சிடி ஸ்கேன். எங்கள் மருத்துவமனை தாலுகா தலைநகரில் இருக்கும் 100 படுக்கை அறக்கட்டளை மருத்துவமனை. ஸ்கேன் வேண்டுமென்றால் 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மாவட்டத் தலைநகருக்குத்தான் அனுப்ப வேண்டும். வயலிலிருந்து எங்களிடம் வருவதற்கு ஒரு மணி நேரம், ஆம்புலன்ஸ் ஏற்பாட்டுக்கு அரை மணி, பயணத்துக்கு ஒரு மணி, அங்கே வரிசையில் காத்திருக்கும் நேரம் என்று கூட்டிக்கொண்டு போனால், அந்த நான்கரை மணி நேரத்தில் எஞ்சுவது மிகக் குறைவு.

ஆகவே ஒரு சிடி ஸ்கேன் கருவி வாங்குவது என்று அறங்காவலர் குழு கொள்கையளவில் தீர்மானித்தது. எந்த வழியில் நிதி திரட்டுவது என்பதை ஒப்பிட்டு எழுதித் தரும் பொறுப்பு நிதிக்குழுவில் இருக்கும் எனக்கு வந்தது. அந்தக் குறிப்பை விரித்து எழுதியதே இக்கட்டுரை. இதே கேள்வியோடு உட்கார்ந்திருக்கும் மற்ற ஊர் மருத்துவமனைகளுக்கும் இது உதவக்கூடும்.

நிதியைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒரு கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. அரசு மருத்துவமனைகளில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நடத்தும் ஸ்கேன் மையங்களில் சாதாரண சிடி ஸ்கேனுக்கு 500 ரூபாய் என்ற அளவில்தான் கட்டணம். அந்தக் கட்டணத்துக்கு எந்த அறக்கட்டளையாலும் எளிதில் ஸ்கேன் எடுத்துக் கொடுக்க முடியாது. அப்படியொரு மையம் பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள் இரவும் பகலும் இயங்குகிறது என்றால், ஊராரிடம் கையேந்தி இன்னொரு கருவி வாங்குவது சரியல்ல. நல்ல ஆம்புலன்ஸ் ஒன்று வாங்குவதே சரி. எங்கள் ஊரில் தூரமும் நேரமும் எதிராக இருப்பதால்தான் கருவியின் பக்கம் நான் நிற்கிறேன். எம்ஆர்ஐ வாங்கலாமே என்று கேட்டவர்களுக்குச் சொன்ன பதிலும் இதுவே: பக்கவாதம், தலைக்காயம், வயிற்றுக்காயம் ஆகிய அவசரங்களுக்குச் சிடிதான் விரைவானது. எம்ஆர்ஐயின் விலையும், அதற்கான தனி அறையும், காந்தத்தை எந்நேரமும் குளிர்நிலையில் வைத்திருக்க வேண்டிய தேவையும் எங்கள் அளவை மீறியவை.

எவ்வளவு பணம் என்பதுதான் முதல் பிழை நிகழும் இடம்

நன்கொடை கேட்டு அச்சிடும் துண்டறிக்கைகளில் பெரும்பாலும் கருவியின் விலை மட்டுமே இருக்கும். உண்மையில் கருவி வந்து இறங்குவதற்கு முன்பே அறை வேண்டும். சிடியில் பயன்படுவது எக்ஸ்ரே கதிர் என்பதால் சுவரின் தடிமனும் கதவின் ஈயத் தகடும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிகளுக்கு உட்பட்டிருக்க வேண்டும். அந்த வாரியத்தின் இ-லோரா இணையதளத்தில் பதிவு செய்து உரிமம் பெற்ற பிறகே நோயாளிக்கு ஸ்கேன் எடுக்கலாம். மும்முனை மின்சாரம், யுபிஎஸ், ஜெனரேட்டர், குளிர்சாதனம், படங்களைச் சேமித்து அனுப்பும் கணினி என்று செலவு நீள்கிறது. மூன்று ஷிப்டுக்கும் ரேடியோகிராபர்கள் வேண்டும். இரவு இரண்டு மணிக்கு எடுக்கும் படத்தை இணையவழியில் படித்து அறிக்கை தரும் கதிரியக்க மருத்துவருக்கும் கட்டணம் உண்டு.

இவற்றையெல்லாம் விடப் பெரியது, உத்தரவாதக் காலம் முடிந்த பிறகு வரும் பராமரிப்புச் செலவு. ஒரு கணக்குக்காகக் கருவியின் விலை 2 கோடி ரூபாய் என்றும், உத்தரவாதம் 3 ஆண்டுகள் என்றும், அதன்பின் முழுப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு ஆண்டுதோறும் விலையில் நூற்றுக்கு 6 பங்கு என்றும் வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 12 லட்சம் ஆகிறது. கருவி 10 ஆண்டுகள் உழைக்குமானால் எஞ்சிய 7 ஆண்டுகளுக்கு 84 லட்சம். சம்பளமும் மின்கட்டணமும் இதில் சேரவில்லை. இங்கே ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். ஏஎம்சி எனப்படும் சாதாரண ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் பொதுவாக ஆள் வந்து பார்க்கும் கூலி மட்டுமே அடங்கும். உதிரிபாகத்தையும் சேர்த்துக்கொள்வது சிஎம்சி எனப்படும் முழு ஒப்பந்தம். அதிலும் எக்ஸ்ரே டியூப் அடங்குமா என்பதைத் தனியாகக் கேட்டு எழுதி வாங்க வேண்டும், ஏனென்றால் தேய்ந்து போவதும் அதுவே, மாற்றுவதற்கு மிகுந்த விலை பிடிப்பதும் அதுவே. நான் நேரில் பார்த்த ஒரு சிறிய மருத்துவமனையில், நன்கொடையாக வந்த ஸ்கேன் கருவி டியூப் பழுதாகிப் பல மாதங்கள் துணி போர்த்திக் கிடந்தது. கதவின் மேல் நன்கொடையாளரின் பெயர்ப்பலகை மட்டும் பளபளத்தது.

ஆகவே ஒவ்வொரு வழியையும் "எவ்வளவு தரும்?" என்று மட்டும் கேட்டு எடைபோடாமல், "ஏழாம் ஆண்டில் யார் தருவார்?" என்றும், "ஏழையிடம் வாங்கும் கட்டணத்தை முடிவு செய்யும் உரிமை யார் கையில் இருக்கும்?" என்றும் கேட்டே எடைபோட்டேன்.

தனிப் பெருங்கொடையாளர்

இந்த வழிக்குத் தமிழ்நாட்டிலேயே பெரும் சான்று உண்டு. 1900இல் வேலூர் திரும்பிய மருத்துவர் ஐடா ஸ்கடர், நியூயார்க்கில் ஷெல் என்ற வங்கியாளர் தம் மனைவியின் நினைவாகக் கொடுத்த 10,000 டாலரோடு வந்தார். அந்தத் தொகையில் எழுந்த 40 படுக்கை மேரி டேபர் ஷெல் மருத்துவமனை 1902இல் திறக்கப்பட்டது. அதன் வழி வளர்ந்ததே இன்றைய வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி. ஒருவர் மனம் வைத்தால் ஒரே நாளில் காரியம் முடிகிறது, கணக்கும் எளிது. ஆனால் அவர் இல்லை என்று சொல்லிவிட்டால் அதோடு எல்லாம் முடிந்தது. கொடுப்பவர் கருவியின் நிறுவனத்தையும் திறப்பு விழா நாளையும்கூடத் தாமே முடிவு செய்ய விரும்பக்கூடும். எங்கள் ஊரிலிருந்து போய்ப் பெருந்தொழில் செய்பவர்கள் இருவர் மூவரை அணுகுவது தவறில்லை. அவர்களை மட்டும் நம்பியிருப்பதுதான் தவறு.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு (சிஎஸ்ஆர்) நிதி

நடைமுறையில் ஸ்கேன் கருவி போன்ற பெரிய தொகைக்கு இன்று முதலில் தட்ட வேண்டிய கதவு இதுவே. கம்பெனிகள் சட்டம் 2013இன் 135ஆம் பிரிவின்படி, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் நூற்றுக்கு 2 பங்கைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தாம் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஆகவே நம் மாவட்டத்தில் ஆலையோ காற்றாலையோ துறைமுகப் பணியோ நடத்தும் நிறுவனத்திடம் கேட்பதற்கு நமக்குச் சட்டத்தின் துணையும் இருக்கிறது.

கேட்பதற்கு முன் செய்து முடிக்க வேண்டியவை உண்டு. 2021 ஏப்ரல் முதல், இத்தகைய நிதியைப் பெறும் அறக்கட்டளை சிஎஸ்ஆர்-1 படிவத்தில் பதிவு செய்து எண் பெற்றிருக்க வேண்டும். இந்த நிதியில் உருவாகும் சொத்தை நிறுவனம் தன் பெயரில் வைத்துக்கொள்ள முடியாது. பதிவு எண் பெற்ற அறக்கட்டளை, பொது அமைப்பு போன்றவற்றின் பெயரில்தான் அது இருக்க வேண்டும் என்பது விதி. கருவியின் உரிமை யாருக்கு என்ற சச்சரவு இதனால் எழுவதில்லை. இது நமக்குப் பெரும் நன்மை.

குறை வேறிடத்தில் இருக்கிறது. நிறுவனங்கள் தங்கள் தொகையை நிதியாண்டுக் கணக்கில் காட்ட விரும்புவதால், பிப்ரவரி மார்ச்சில் திடீரென்று "இந்த மாதத்துக்குள் விலைப்புள்ளி தாருங்கள்" என்று கேட்பார்கள். அறை கட்டி முடியாத மருத்துவமனை அவசரப்பட்டுக் கருவியை வாங்கி வராந்தாவில் இறக்கி வைக்கும் நிலை வரும். மேலும், ஒருமுறை வாங்கிக் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்ளும்படியான பொருளுக்கே அவர்கள் மனம் போகிறது. ஆண்டுதோறும் வரும் சம்பளத்துக்கோ பராமரிப்புக்கோ போவதில்லை. அடுத்த ஆண்டு லாபம் குறைந்தால் தொகையும் குறையும். இதற்கு நான் பரிந்துரைக்கும் மருந்து ஒன்றுதான்: கருவியின் விலையை மட்டும் எழுதிக் கேட்காமல், உத்தரவாதத்துக்குப் பின்வரும் 5 ஆண்டுகளின் முழுப் பராமரிப்புத் தொகையையும் விலைப்புள்ளியிலேயே சேர்த்து, ஒரே திட்டமாகக் கேட்க வேண்டும். கருவியை வாங்கும் முன் பேரம் பேசினால் பராமரிப்புத் தொகை குறையும். வாங்கிய பின் பேசினால் விற்றவர் சொன்னதே விலை.

அரசின் பங்கு

நாடாளுமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். சட்டமன்ற உறுப்பினருக்கும் தனி நிதி உண்டு. இவை முதன்மையாக அரசு நிறுவனங்களுக்கும் பொதுச் சொத்துகளுக்கும் உரியவை. அறக்கட்டளைகளுக்குத் தருவதற்குக் கட்டுப்பாடுகள் உண்டு. மக்கள் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு தரும் "நமக்கு நாமே" திட்டமும் பொதுச் சொத்துகளுக்கானதே. உங்கள் ஊர் அரசு மருத்துவமனைக்கு உதவ நினைத்தால் இவையே முதல் வழி. எங்களைப் போன்ற தனி அறக்கட்டளைக்கு இவற்றை நம்பித் திட்டமிட முடியாது.

ஊரார் தரும் சிறு தொகைகள்

முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரிலிருந்து எழுப்பிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, 1954இல் 12 படுக்கைகளோடு, பெரிதும் மக்கள் தந்த பணத்தில் தொடங்கியது. பள்ளிப் பிள்ளைகளின் உண்டியல் முதல் ஓய்வூதியக்காரரின் மாதச் சேமிப்பு வரை சிறுகச் சிறுகச் சேரும் பணத்துக்கு ஒரு தனிக் குணம் உண்டு: கொடுத்தவர் ஒவ்வொருவரும் "நம்ம ஆஸ்பத்திரி" என்று சொல்வார், குறை கண்டால் கேட்பார், பத்தாண்டு கழித்துக் கேட்டாலும் திரும்பத் தருவார். நிறுவன நிதியில் இது கிடைக்காது.

ஆனால் உழைப்பு மிகுதி. 2 கோடியை 500 ரூபாய் ரசீதுகளாகத் திரட்ட 40,000 பேர் வேண்டும். எங்கள் ஊரின் மொத்த வீடுகளையும் சேர்த்தாலும் அந்தக் கணக்கு நிறையாது. நன்கொடைக்கு வருமான வரியில் 80ஜி என்று நாம் அறிந்த சலுகையும் முன்போல் ஈர்ப்பதில்லை. 2023-24 நிதியாண்டு முதல் புதிய வரிமுறையே இயல்பான முறையாகிவிட்டது. அதில் இந்தக் கழிவு இல்லை. பழைய முறையில் இருப்பவருக்கும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை கிடையாது, ஆகவே வங்கி வழியாகவே பெற்று, வரிச் சலுகைக்கான நன்கொடைச் சான்றிதழைத் தவறாமல் தர வேண்டும். சான்றிதழ் தாமதமானதால் மனம் கசந்து விலகிய நன்கொடையாளர்களை நான் அறிவேன்.

இணையத்தில் நிதி திரட்டும் மிலாப், கீட்டோ போன்ற தளங்களை இளைஞர்கள் முன்வைத்தார்கள். ஒரு குழந்தையின் அறுவை சிகிச்சைக்கு அங்கே பணம் குவிவது உண்மை. அங்கே கொடுப்பவர் ஒரு முகத்தைப் பார்த்துக் கொடுக்கிறார். எந்திரத்துக்கு முகம் இல்லை. எங்கள் வட்டாரத்துப் பெரியவர் ஒருவர் மொய் விருந்து வைக்கலாம் என்றார். பேராவூரணி, கீரமங்கலம் பக்கத்தில் ஆடி மாதத்தில் ஒரே பந்தியில் பெருந்தொகை சேர்வதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆனால் மொய் என்பது நோட்டில் எழுதி வைக்கப்படும் கடன். திருப்பிச் செய்ய வேண்டியது. மருத்துவமனை யார் வீட்டு விசேஷத்துக்குத் திருப்பிச் செய்யும்? அந்த உணர்வை நன்கொடையோடு கலக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. விருந்து வைக்கலாம், அதற்கு மொய் என்று பெயர் வேண்டாம்.

கடல் கடந்தவர்களின் உதவி

இதில்தான் நல்லெண்ணத்தோடு சட்டத்தை மீறிவிடும் ஆபத்து மிகுதி. துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்த்தாலும் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர், தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் தொகை வெளிநாட்டுப் பங்களிப்பாகாது. அதே தெருவில் பிறந்து வளர்ந்து இப்போது அமெரிக்க, பிரிட்டன் குடியுரிமை பெற்றவர் அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரப்படும் ஓசிஐ அட்டை இருந்தாலும் விதிவிலக்கு இல்லை. அத்தகைய பங்களிப்பை வாங்க 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி மத்திய உள்துறை அமைச்சகத்தின் பதிவு வேண்டும். 2020இல் வந்த திருத்தத்தின்படி அந்தத் தொகை புதுடெல்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் திறக்கும் கணக்கில்தான் முதலில் வர வேண்டும்; வந்த பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியாது. ஆகவே "பதிவு வைத்திருக்கும் வேறொரு அறக்கட்டளை வழியாக வாங்கிக்கொள்ளலாம்" என்ற பழைய யோசனை இப்போது செல்லாது.

பதிவு இல்லாத மருத்துவமனைக்கு முன் அனுமதி என்ற வழி இருக்கிறது. இன்னார் இவ்வளவு தொகையை இந்த வேலைக்குத் தருகிறார் என்ற உறுதிக் கடிதத்தோடு விண்ணப்பித்து, அந்த ஒரு தொகைக்கு மட்டும் அனுமதி பெறலாம். ஸ்கேன் கருவி போன்ற ஒருமுறைச் செலவுக்கு இது பொருந்தும். காலம் பிடிக்கும் என்பதால் இப்போதே வெளிநாடுவாழ் ஊர்க்காரர்களைக் கடவுச்சீட்டு அடிப்படையில் இரண்டு பட்டியலாகப் பிரித்து வைத்துக்கொள்வது நல்லது. கேட்பதற்குச் சங்கடமான கேள்விதான். கேட்காமல் வாங்கிய ஒரு சிறு தொகை முழு அறக்கட்டளையையும் இடரில் தள்ளிவிடும்.

கடனும் கூட்டாளியும்

நன்கொடையே வேண்டாம், கடன் வாங்கி ஸ்கேன் கட்டணத்தில் அடைக்கலாம் என்று வாதிட்டவர்கள் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சுட்டினார்கள். 1976இல் மருத்துவர் வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அந்த மருத்துவமனை, கட்டணம் செலுத்துவோரின் பணத்தாலேயே ஏழைகளுக்கும் சிகிச்சை அளித்து வளர்ந்தது உண்மை. ஆனால் அங்கே ஒரு நாளில் நடக்கும் அறுவை சிகிச்சைகளின் எண்ணிக்கை வேறு, எங்கள் ஊரில் ஒரு நாளில் வரக்கூடிய ஸ்கேன்களின் எண்ணிக்கை வேறு. 2 கோடியை நூற்றுக்கு 10 வட்டியில் 7 ஆண்டுக் கடனாக எடுத்தால் மாதத் தவணை சுமார் 3 லட்சத்து 32 ஆயிரம். ஒரு ஸ்கேனுக்கு 1,500 ரூபாய் வாங்கினால், தவணைக்கு மட்டுமே மாதம் 222 பேர், நாளுக்கு ஏழு பேருக்கு மேல், கட்டணம் செலுத்தியாக வேண்டும். மின்சாரம், சம்பளம், பராமரிப்பு எல்லாம் அதற்கு மேல். இலவசமாக ஒருவருக்கும் எடுக்க இடமில்லை.

பணக் கணக்கைவிட எனக்கு அச்சம் தருவது வேறு. தவணை கட்ட வேண்டிய கருவி, தலைவலி என்று வந்தவரையெல்லாம் படுக்க வைக்கச் சொல்லும். சிடி என்பது கதிர்வீச்சு. தேவையில்லாமல் எடுப்பது தீங்கு. நோயாளியை அனுப்பும் மருத்துவருக்குக் கமிஷன் தரும் வழக்கம் நம் ஊர்களில் எப்படி வேர்விட்டது என்பதும் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பாதையின் முதல் படியில்கூட ஓர் அறக்கட்டளை கால் வைக்கக்கூடாது. நம் இடத்தில் தனியார் ஒருவர் கருவியை நிறுவி வருவாயைப் பங்கிடும் ஏற்பாட்டிலும் இதே ஆபத்து உண்டு. கட்டணத்தை முடிவு செய்யும் உரிமையும் கைவிட்டுப் போகிறது. பழுது நீக்கிய பழைய கருவியைப் பொறுத்தவரை, டியூப்பின் வயதும் உதிரிபாகம் எத்தனை ஆண்டுகள் கிடைக்கும் என்ற எழுத்துப்பூர்வ உறுதியும் இல்லாமல் பேசவே வேண்டாம்.

என் பரிந்துரை

சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயிலுக்கு நுந்தா விளக்கு (அணையாமல் எரியும் விளக்கு) வைத்தவர்கள் விளக்கை மட்டும் கொடுத்துவிட்டுப் போகவில்லை. ஒரு விளக்குக்கு 96 ஆடுகள் என்று கொடுத்தார்கள். ஆடுகளைப் பெற்றுக்கொண்ட மன்றாடிகள் என்னும் இடையர்கள் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். கிழடானதற்கும் இறந்ததற்கும் ஈடாகக் குட்டிகள் வளர்ந்து நிற்கும் என்பதால் அதைச் "சாவா மூவாப் பேராடு" என்று எழுதி வைத்தார்கள். திருமுக்கூடலில் வீரராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு சொல்லும் ஆதுலர் சாலை என்ற 15 படுக்கை மருத்துவமனைக்கும் மருத்துவர் முதல் பணியாளர் வரை ஆண்டுதோறும் அளக்க வேண்டிய நெல்லும் காசும் வரையறுக்கப்பட்டிருந்தன. நாம் இன்று விளக்குக்கு மட்டும் கேட்கிறோம். நெய்யைப் பற்றி வாய் திறப்பதில்லை.

ஆகவே நிதியை இரண்டாகப் பிரிக்கச் சொல்கிறேன். கருவியும் அதன் முதல் எட்டு ஆண்டுகளின் பராமரிப்பும் நிறுவன நிதிக்கும் பெருங்கொடையாளருக்கும் உரியவை. அறை கட்டும் செலவும், ஏழைகளின் ஸ்கேன் கட்டணத்துக்கான நிலைநிதியும் ஊராருக்கும் வெளியூர்வாழ் ஊர்க்காரர்களுக்கும் உரியவை. நிலைநிதியாக 1 கோடி சேர்த்து, நூற்றுக்கு 7 வட்டி கிடைத்தால், ஆண்டுக்கு 7 லட்சம். 1,500 ரூபாய்க் கட்டணத்தில் ஏறத்தாழ 466 ஏழைகளுக்கு ஆண்டுதோறும் இலவச ஸ்கேன். 500 ரூபாய் கொடுத்த ஒருவரிடம், "கருவியில் உங்கள் பங்கு ஒரு திருகாணி" என்று சொல்வதைவிட, "உங்கள் பணம் தேயாமல் இருந்து ஆண்டுதோறும் ஒருவருக்கு உதவிக்கொண்டே இருக்கும்" என்று சொல்வது உண்மையாகவும் இருக்கும், அவருக்கு நிறைவாகவும் இருக்கும்.

வரிசையும் முக்கியம். முதலில் அறங்காவலர்களும் மருத்துவர்களும் ஊழியர்களும் தங்கள் பங்கை எழுத வேண்டும். வீட்டார் போடாத உண்டியலில் ஊரார் போடமாட்டார்கள். அடுத்து நிறுவனங்கள். கருவிக்கான தொகைக்கு எழுத்துப்பூர்வ உறுதி வந்த பிறகே பொதுமக்களிடம் செல்ல வேண்டும், அப்போதுதான் "சேருமா?" என்ற ஐயமின்றி அவர்கள் தருவார்கள்.

இதை ஏற்றால், அடுத்த கூட்டத்தின் தீர்மானத்தில் மூன்று செய்திகள் இடம்பெற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கருவிக்கும் நிலைநிதிக்கும் தனித்தனி வங்கிக் கணக்குகள் இருக்கும். நிலைநிதியின் முதலைச் சம்பளத்துக்கோ கட்டடத்துக்கோ எந்த நெருக்கடியிலும் எடுக்க முடியாது. 18 மாதங்களுக்குள் கருவிக்கான தொகை சேராவிட்டால், பொதுமக்கள் தந்த பணம் அவர்கள் விருப்பப்படி திருப்பித் தரப்படும் அல்லது மாவட்டத் தலைநகருக்கு விரைந்து செல்லும் ஆம்புலன்ஸுக்கு மாற்றப்படும். இந்த மூன்றாவது செய்தியை ரசீதின் பின்பக்கத்தில் தமிழில், கண்ணாடி இல்லாமலும் படிக்கும் அளவில் அச்சிட வேண்டும்.